மெக்சினுக்கு ஒரு நல்ல இடம்

அத்தியாயம் 9

விடுமுறைக்குக் கூடாரம் போட நல்ல இடம் தேடி அலைகிறவர்கள் இங்கிலாந்து முழுக்க இருக்கிறார்கள். மோசமான இடம் தேடி அலைந்தவள் டெனிஸ் ஒருத்தியாகத்தான் இருக்கும். அதற்காக ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஐந்தரை மணிக்கே எழுந்து, முட்டை சாண்ட்விச் கட்டி, பிளாஸ்க்கில் டீ ஊற்றி, தூக்கம் கலையாத கணவனை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, லெஸ்டரிலிருந்து நார்ஃபோக் கடற்கரைக்குக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏன் என்று இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக, கார் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிடலாம்.

டெனிஸின் அப்பா வால்ட்டர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தன் அஸ்தியை நார்ஃபோக் கடலில்தான் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கரையில் கடல் உள்வாங்கினால் ஒரு மைல் தூரத்துக்கு வெறும் சேறுதான். தண்ணீர் ஏறி நிற்கிற ஒரு மணி நேரத்துக்குள் விட்டால்தான் உண்டு. குறித்த நாளில் டெனிஸும் கணவன் கீத்தும் நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி ரஸ்ஸல் காலிக் குடுவைக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி மெக்சின் ஈரக் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டே, கடல் இறங்க ஆரம்பித்துவிட்டது என்றாள். பெற்ற மகள் வரும்வரை பொறுக்க முடியாத அந்த இரண்டு கால்களையும் டெனிஸ் இன்றுவரை மறக்கவில்லை.

சண்டை போட்டாளா என்றால், இல்லை. ஏன் காத்திருக்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அசிங்கம், அழுதால் அதைவிட அசிங்கம் என்று வளர்ந்த குடும்பம் அது. கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வாழ்த்து அட்டை போனது. அட்டையின் அளவுதான் சின்னதாகிவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் வரும் வங்கி விடுமுறை என்கிற பொது விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து கூடாரம் போடுவது வால்ட்டர் காலத்துப் பழக்கம். ஒரு வருஷம் டெனிஸ் இடம் பார்ப்பாள், மறு வருஷம் ரஸ்ஸல். பார்த்த இடத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து குறை சொல்லக் கூடாது. சொன்னால் அத்தனை பேருடைய தட்டையும் கடைசி நாள்வரை அவரே கழுவ வேண்டும். இது வால்ட்டர் போட்ட சட்டம். அவர் இறந்தபின் யாரும் கூடாரத்தைத் தொடவில்லை. போன வாரம்தான் ரஸ்ஸல் போன் செய்து, மறுபடி ஆரம்பிக்கலாமே, இந்தத் தடவை உன் முறை என்றான். பின்னாலிருந்து மெக்சின், "எங்களுக்கு எங்கன்னாலும் சரி டெனிஸ்" என்று குரல் கொடுத்தாள்.

எங்கன்னாலும் சரி. டெனிஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது வருஷம் கூடாரம் போட்டவள் அவள். எது நல்ல இடம் என்று தெரிந்தவளுக்கு எது கெட்டது என்று தெரியாதா? மரத்தடியில் போட்டால் மழை நின்ற பிறகும் இரண்டு மணி நேரம் சொட்டும், போதாததற்குப் பறவை எச்சம் விழும். கழிப்பறைக்குப் போகிற பாதையில் போட்டால் வருகிறவர் போகிறவர் டார்ச் வெளிச்சமெல்லாம் முகத்தில் அடிக்கும். குப்பைத் தொட்டி பக்கத்தில் போட்டால் குளவி. கைப்பையில் நோட்டு, சரிவு பார்க்க ஒரு கோலிக்குண்டு, மண் பார்க்க ஒரு கூடார முளை. மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

முதல் இடம் மணல் மேட்டுக்குப் பின்னால் இருந்தது. மேடான தரை, காற்றை மறிக்கிற வேலி, பத்தடி நடந்தால் கடல். வெந்நீர் இருபத்து நாலு மணி நேரமும் வரும் என்று இடத்தை நடத்துகிற ஆள் பெருமையாகச் சொல்லச் சொல்ல, டெனிஸின் முகம் விழுந்துகொண்டே போனது. கழிப்பறையை எட்டிப் பார்த்தாள். ஜன்னலில் ஜாடியும் ஜாடியில் பூவும் இருந்தன.

"ரொம்ப நல்லாயிருக்கே, இதையே போட்டுடலாமா?" என்றான் கீத்.

அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காருக்கு நடந்தாள்.

இரண்டாவது இடத்தில் கோழிக்கூண்டு ஒன்று கண்ணில் பட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. சேவல் உண்டா, எத்தனை மணிக்குக் கூவும், எந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். அங்கிருந்த பெண் பயந்துபோய், புகார் வந்ததால் போன வருஷமே சேவலை ஒரு பண்ணைக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி ஒரு சத்தமும் இருக்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். டெனிஸ் அந்தச் சேவலுக்காக மனதார வருத்தப்பட்டாள்.

கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். கீத் காலையிலிருந்தே சரியாக இல்லை. இயல்பில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஆள். யாராவது காலை மிதித்தால்கூட இவன்தான் மன்னிப்புக் கேட்பான். நகராட்சியில் தெருவிளக்கு பார்க்கிற வேலை. முப்பது வருஷத்தில் ஒருத்தரையும் பகைத்துக்கொண்டதில்லை என்பது அவனுடைய ஒரே பெருமை. பாவம், மெக்சினுக்கு இடுப்பு வலி, நம்மோடு ஒரு நாலு நாள் வருகிறாள், இதெல்லாம் வேண்டாமே என்று மெல்ல இழுத்தான்.

"இடுப்பு வலிக்காரிக்கு அன்னைக்குத் தண்ணியில இறங்கத் தெரிஞ்சுதே" என்றாள் டெனிஸ்.

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டா, வாத்தே."

லெஸ்டர்க்காரர்களுக்குப் பாசம் வந்தால் மனைவி, மகள், கடைக்காரி எல்லாருமே வாத்துதான். பாசத்தைவிடப் பயம் வந்தால்தான் கீத் அப்படிக் கூப்பிடுவான் என்பது டெனிஸுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் அதை யோசிக்கவில்லை.

"அவ குணமே அவசரக் குணம், யாருக்காகவும் நிக்க மாட்டான்னு வீட்டுக்கு வந்ததும் சொன்னது யாரு? நீதானே?"

கீத் முட்டை சாண்ட்விச்சுக்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

மூன்றாவது இடத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் போனார்கள். பண்ணை வீடு, பின்னால் சரிந்து இறங்கும் புல்வெளி, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டியவரை சதுப்பு நிலம். நடத்துகிறவள் மிஸஸ் ஹெவிட், எழுபது வயது, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். டெனிஸ் தன்னை மிஸஸ் ஹாப்வுட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு இடமாகச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டாள்.

மேல் மைதானம் நன்றாகவே இருந்தது. அதை ஒரு நொடியில் கடந்து கீழே இறங்கினாள். இறங்க இறங்கப் புல்லின் பச்சை கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஓடைக் கரையோரம், வேலிக்கு இந்தப் பக்கம், தனியாக ஒரே ஓர் இடம். எட்டாம் நம்பர் என்று பலகை நட்டிருந்தது.

அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஓடையில் ஒரு நீல நிறப் படகு சாய்ந்து கிடந்தது. கொக்கு ஒன்று நின்றது. வானம் முழுக்க இவர்களுக்கே என்பதுபோல் விரிந்திருந்தது. டெனிஸ் கோலிக்குண்டைக் கீழே வைத்தாள். அது அசையவே இல்லை. அப்படியானால் விழுகிற தண்ணீரும் எங்கேயும் போகாது. குதிகாலை ஊன்றினாள்; ஷூ பாதி உள்ளே போனது. முளையை விரலால் அழுத்தினாள். வெண்ணெயில் போவதுபோல் போய், இழுத்ததும் அப்படியே கையோடு வந்தது.

"அது வேண்டாம்மா" என்று மேலிருந்து இறங்கி வந்தாள் மிஸஸ் ஹெவிட். "பார்க்கத்தான் நல்லாயிருக்கும். ஆகஸ்ட் கடைசில பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெரிசா ஏறும். ஓடைத் தண்ணி வேலி வரைக்கும் வந்துட்டுப் போவும். ஆபத்து ஒண்ணும் இல்லை, ஆனா ரெண்டு நாளைக்குத் தரை ஊறிக் கிடக்கும். சாயங்காலம் ஆச்சுன்னா பொடிக்கொசு பிச்சு எடுத்துடும். நான் இதை யாருக்கும் குடுக்கறதே இல்லை."

டெனிஸுக்கு அந்தக் கிழவியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"இதேதான் வேணும்" என்றாள். "என் தம்பி மனைவிக்கு. அவளுக்குத் தண்ணி ஓரம்னா உயிர்."

மிஸஸ் ஹெவிட் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள். யோசித்துவிட்டு ஆபீசுக்கு வந்து சொல்லுங்கள் என்று திரும்பி மேலே ஏறிவிட்டாள். கீத் மேலே குழாயடியில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

டெனிஸ் அங்கேயே நின்றாள். மெக்சின் புதிதாக வாங்கியிருக்கும் கூடாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். கம்பிக்குப் பதில் காற்றடிக்கிற குழாய், உள்ளே இரண்டு அறை, தரைக்கு வெள்ளை விரிப்பு. அந்த விரிப்பு இரண்டாம் நாள் காலையில் எப்படி இருக்கும் என்று நிதானமாக நினைத்துப் பார்த்தாள். ஈரத் தலையணை, ஈர ரொட்டி, ஈரக் காலுறை. துடைக்கத் துடைக்க ஈரம். குறை சொல்லவும் முடியாது. யாராவது கேட்டால், எவ்வளவு அழகான இடமாகப் பார்த்துக் கொடுத்தாள் நாத்தனார் என்றுதான் ஊர் சொல்லும்.

நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள்.

மெக்சின் முதல் மணியிலேயே எடுத்தாள். டெனிஸ் தேன் ஒழுகப் பேசினாள். கடல் பார்த்த இடம், உனக்கென்றே தேடிப் பிடித்தேன், கொக்குகூட இருக்கிறது என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மெக்சின் அழுது டெனிஸ் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

"நீ எனக்காக இடம் தேடுவேன்னு நான் நினைக்கவே இல்லை டெனிஸ். அன்னையிலேர்ந்து நீ எங்கிட்ட முகம் குடுத்தே பேசலை. நீ சொன்னதைக் கேட்டுத்தானே பண்ணினோம், அப்புறம் எதுக்குக் கோவம்னு ரஸ்ஸலும் நானும் மண்டையை ஒடைச்சுக்கிட்டோம்."

"நான் என்ன சொன்னேன்?"

"காத்திருக்க வேண்டாம், நீங்க பண்ணிடுங்கன்னு. கீத் சொன்னாரே. நான் ரெண்டு தடவை கேட்டேன், நிச்சயமாவா, டெனிஸுக்குச் சம்மதமான்னு. நிச்சயமான்னாரு. அப்புறமும் ரெண்டு மூணு தடவை அவருக்குப் போன் பண்ணி, டெனிஸுக்கு எங்க மேல வருத்தமான்னு கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு."

டெனிஸ் ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

குழாயடி வரைக்கும் ஏறி நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கீத் குழாயை மூடினான். கேட்கவே தேவையிருக்கவில்லை, இரண்டு வருஷமாக வயிற்றில் வைத்திருந்ததை அவனாகவே கொட்டிவிட்டான்.

அன்றைக்கு வழி தவறியது அவன்தான். தவறியதை ஒப்புக்கொள்ளாமல் இன்னும் ஒன்பது மைல் போனதும் அவன்தான். பெட்ரோல் போட நிறுத்தி டெனிஸ் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, அவள் போன் காரில் அடித்தது, அவன் எடுத்தான். கடல் இறங்கப் போகிறது, காத்திருக்கட்டுமா என்று கேட்டாள் மெக்சின். அவன் வாயில் வந்தது, தங்களுக்காக யாரும் சிரமப்பட வேண்டாம் என்பதுதான்.

"எல்லாரும் சொல்றதுதானே டெனிஸ். நமக்காகக் காத்திருக்காதீங்கன்னா, சேச்சே, காத்திருக்கோம்னு அவங்க சொல்லணும். அதுதானே மரியாதை. அவ அப்படியே எடுத்துக்குவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு தடவை கேட்டிருக்கா."

"ரெண்டாவது தடவை மாத்திச் சொன்னா நல்லாயிருக்காதே."

டெனிஸ் அவனையே பார்த்தாள். நல்லாயிருக்காது. அப்பாவின் கடைசிச் சாம்பல் தண்ணீரில் போனபோது, இவன் பெட்ரோல் பங்கில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தான். அதையாவது மன்னித்துவிடலாம், வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்று ராத்திரி சமையலறையில் அவள் தேம்பித் தேம்பி அழுதபோது, முதுகைத் தடவிக்கொண்டே, மெக்சின் குணமே அப்படித்தான் என்றானே, அதை என்ன செய்வது? எழுநூறு நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அவள் மெக்சினைக் கரித்துக்கொட்டும்போதெல்லாம் தலையாட்டியவனை என்ன செய்வது?

"சொல்லியிருக்கலாமே கீத்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ ரொம்பக் கோவமா இருந்தே. சரியான நேரம் வரட்டும்னு..." அவன் முடிக்கவில்லை. "நீ என்னை மன்னிக்க மாட்டியோன்னு பயமா இருந்துச்சு, வாத்தே."

அவள் கத்தவில்லை. கோபம் குறையவும் இல்லை. மெக்சினுக்கென்று இத்தனை நாள் ஊற்றி வளர்த்த கோபம் ஒரு சொட்டுச் சிந்தாமல் பத்திரமாக இருந்தது. இப்போதுதான் அதற்குச் சரியான ஆள் கிடைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா, தம்பி, தம்பி மனைவி, மூன்று பேரையும் இவனுடைய மரியாதைக்காக இழந்திருக்கிறாள். அதற்குக் கணக்காகத் திருப்பிக் கொடுக்காமல் அவள் வீட்டுக்குப் போவதாக இல்லை.

"வா, இடத்தைப் பதிஞ்சுட்டுப் போலாம்" என்றாள். கீத் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தாள். அவ்வளவுதானா என்று நினைத்திருப்பான்.

ஆபீஸ் என்பது பழைய பால் கொட்டகை. மிஸஸ் ஹெவிட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய நோட்டைத் திறந்தாள். மேல் மைதானத்தில் காற்றுப் படாத நல்ல இடம் எது என்று டெனிஸ் கேட்டாள். கல் சுவரோரம் மூன்றாம் நம்பர் என்றாள் கிழவி. வெயில் சாயங்காலம் வரைக்கும் இருக்குமாம், கடலும் தெரியுமாம். அதை ரஸ்ஸலுக்கும் மெக்சினுக்கும் நாலு ராத்திரிக்குப் போடச் சொன்னாள்.

"அப்ப எட்டாம் நம்பர் வேண்டாம்தானே?"

"வேணும். கீத் ஹாப்வுட். ஒருத்தர். அதை ஒரு வாரத்துக்குப் போட்டுக்குங்க."

மிஸஸ் ஹெவிட் பேனாவை எடுக்கவில்லை. நல்ல மனசுக்காரி. கண்ணாடிக்கு மேலாகக் கீத்தைப் பார்த்தாள்.

"அங்க ஈரமா இருக்குங்களே. உங்களுக்குப் பரவாயில்லையா?"

கீத் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெனிஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தொன்பது வருஷப் பழக்கம் அவனைவிட வேகமாக இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எனக்காகச் சிரமப்படாதீங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா" என்றான் கீத். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்தது.

மிஸஸ் ஹெவிட் எழுதினாள். டெனிஸ் சிரிக்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை ரசித்தாள். பெயர் முழுவதும் எழுதி முடியும்வரை காத்திருந்து, இன்னும் ஓர் இடம் வேண்டும் என்றாள். மேல் மைதானத்தில், மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில், ஒரே ஆள் கூடாரம் போடுகிற அளவுக்கு இருந்தால் போதும்.

"அது யார் பேருக்கும்மா?"

"டெனிஸ் ஆர்ட்டன்."

கீத் சட்டென்று திரும்பினான். வால்ட்டர் ஆர்ட்டனின் மகள் அந்தப் பெயரை முப்பத்து மூன்று வருஷமாக எங்கேயும் போட்டதில்லை. கல்யாணத்தன்று சர்ச்சில் கடைசியாக எழுதியது. "டெனிஸ், என்ன இது" என்று மெதுவாகக் கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

மிஸஸ் ஹெவிட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனா நோட்டுக்கு மேலேயே நின்றது.

"நீங்க வந்தப்போ மிஸஸ் ஹாப்வுட்னுல்ல சொன்னீங்க?"

"அது மத்தியானம்" என்றாள் டெனிஸ்.